சோடா இயந்திரம் வாங்கும் முன்

கத்திரி வெயில் நெருங்கும்போதெல்லாம் எங்கள் உணவு ஆலோசனைப் பகுதிக்கு ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் வருகிறது: "வீட்டிலேயே சோடா தயாரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா?" தந்தையின் சர்க்கரை நோய்க்காக வண்ணக் குளிர்பானங்களை வீட்டிலிருந்து விலக்கிய மகள் கேட்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் மனைவியின் தாகத்தை எவ்வாறு தணிப்பதென்று தெரியாத கணவர் கேட்கிறார். வயிற்று உப்புசத்துக்கு நாள்தோறும் கடையில் சோடா வாங்கிக் குடிப்பவர், செலவு குறையுமே என்ற எண்ணத்தில் கேட்கிறார்.

கேள்வி ஒன்றாயினும் மூவருக்கும் விடை ஒன்றன்று. முதலாமவருக்கு "வாங்கலாம்" என்போம். இரண்டாமவருக்கு "அளவறிந்து பயன்படுத்துவதானால் வாங்கலாம்" என்போம். மூன்றாமவரிடம், "இயந்திரம் இருக்கட்டும்; முதலில் மருத்துவரைப் பாருங்கள்" என்போம். சோடா இயந்திரத்தைத் தாகத்துக்காக வாங்கினால் அது பயனுள்ள பொருள். மருந்தென்று கருதி வாங்கினால் அதுவே தீங்காகலாம். இதுவே எங்கள் கருத்து.

புதுவையில் வாழும் நமக்குச் சோடா புதிய பொருளன்று. கடற்கரைச் சாலையில் மாலைக் காற்று வாங்கச் சென்று கோலி சோடா குடித்துத் திரும்பிய நினைவு நம்மில் பலருக்கும் உண்டு. அந்தக் கோலிப் புட்டி, ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் காப்புரிமை பெற்ற அமைப்பு. உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடுகிறது. ஆனால் நம் ஊரில் சோடா வெறும் பானமாக மட்டும் இருந்ததில்லை. விருந்துண்டு வயிறு கனத்தவருக்கும், பேருந்தில் குமட்டல் கண்டவருக்கும், தெருவில் மயங்கி விழுந்தவருக்கும் முதலில் ஓடி வருவது ஒரு சோடாவே.

இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், மது வடிக்கும் தொட்டியின் மேல் தேங்கிநின்ற கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். 1772-இல் அம்முறையை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். நெடுங்கடற்பயணம் செய்யும் மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோயை அந்த நீர் தடுக்கும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. ஸ்கர்விக்கு வேண்டியது வைட்டமின் சி; எலுமிச்சையும் ஆரஞ்சும் அந்நோயைத் தீர்ப்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747-லேயே சோதித்து அறிந்திருந்தார். நீரில் கரைந்த வாயு நாவுக்கு இதம் தரும்; நோய் தீர்க்காது. இந்த உண்மை தெளிந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், சோடா மருந்தென்ற எண்ணம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.

அந்த எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் விலை சில நேரங்களில் மிகப் பெரிது. இரவு உணவுக்குப்பின் ஒருவருக்கு நெஞ்சு கனக்கிறது, மேல்வயிறு எரிகிறது, வியர்க்கிறது. "வாயுதான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். குடிக்கிறார், ஏப்பம் வருகிறது, சற்று இலேசானதுபோல் தோன்றுகிறது, படுத்துக்கொள்கிறார். சோடா குடித்தால் எவருக்கும் ஏப்பம் வரும். ஏப்பம் வந்ததால் வலி வாயுவினால் ஆனது என்று முடிவுகட்ட முடியாது. மாரடைப்பும் இவ்வாறே மேல்வயிற்று எரிச்சலாக, தாடை வலியாக, இடது கை கடுப்பாக, மூச்சு வாங்கலாகத் தொடங்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் தெளிவான நெஞ்சுவலி இல்லாமலேகூட அது வரலாம். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்க எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையைத் தின்கிறது. வீட்டில் ஓர் இயந்திரம் இருந்தால் அந்தச் சோடா இன்னும் எளிதாகக் கைக்கு வரும். மருத்துவமனைக்குப் புறப்படுவது இன்னும் சற்றுத் தாமதப்படும். இதுவே எங்கள் முதற்கவலை. நெஞ்சில் கனமோ அழுத்தமோ தோன்றினால் சோடாவைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். மயங்கியவரின் வாயில் சோடா உள்ளிட்ட எதையும் ஊற்றாதீர்கள்.

இனி, இயந்திரம் உண்மையாகவே உதவும் இல்லங்களைப் பார்ப்போம். இனிப்புக் குளிர்பானங்களில் பலவற்றில் 100 மி.லி.க்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. 300 மி.லி. குடித்தால் 30 கிராம்; அதாவது ஏழு தேக்கரண்டிக்கு மேல். நாள் முழுவதற்குமான சேர்க்கைச் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நன்று என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. நுரைத்தெழும் அந்தச் சுவைக்காகவே குளிர்பானத்தை நாடுபவருக்கு, அதே நுரையைச் சர்க்கரையின்றித் தருவது நல்ல மாற்று. குளிர்ந்த சோடாவில் சில புதினா இலைகள், ஒரு துண்டு இஞ்சி, சில துளி எலுமிச்சை போதும். ஆனால் இயந்திரத்தோடு விற்கும் சுவைப்பாகுகளை வாங்கினால் விலக்கிய சர்க்கரை மறுவாசல் வழியே உள்ளே வந்துவிடும்.

சர்க்கரை நோயாளி இருக்கும் இல்லத்தார் ஒன்றை மறக்கக் கூடாது. இன்சுலினாலோ மாத்திரையாலோ இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கை நடுங்கும்போது வெறும் சோடா உதவாது. அவருக்கு நினைவு தெளிவாக இருக்குமாயின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றியவருக்கும் சோடா ஈடாகாது. அவருக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல்.

சிறுநீரக நோயாளிகளுக்கும் இதயம் தளர்ந்தவர்களுக்கும் சோடாவும் நீரே. ஒரு குவளை சோடா 200 மி.லி. என்றால், மருத்துவர் அன்றைக்குக் குறித்த நீர் அளவில் 200 மி.லி. கழிந்துவிட்டது. சிறு குவளையில் குளிரக் குளிர ஊற்றி, ஒவ்வொரு வாயாக நிறுத்திக் குடித்தால் குறைந்த நீரிலேயே தாகம் அடங்கும் என்பது சிலருடைய அனுபவம். ஆனால் அதில் உப்பு சேர்த்தால் பயனில்லை. எலுமிச்சை உப்பு சோடா தாகத்தைத் தணிப்பதுபோல் தோன்றினும், அதிலுள்ள உப்பு மீண்டும் தாகத்தை எழுப்பும். உடலில் நீரையும் தேக்கும்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிட வேண்டும். இயந்திரம் செய்யும் சோடா வேறு. ஆப்பமாவில் போடும் சமையல் சோடா வேறு. இயந்திரம் நீரில் கரியமில வாயுவை மட்டுமே சேர்க்கிறது. அதில் கூடுதல் சோடியம் இல்லை. சமையல் சோடா ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டியவருக்கு இது பாதிக்கு மேல். கடையில் விற்கும் சோடாக்கள் சிலவற்றிலும் சோடியம் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே புட்டியின் மேலுள்ள எண்களைப் படியுங்கள்: 290 என்பது கரியமில வாயு, 500 என்பது சோடியம் கார்பனேட் வகை உப்புகள், கோலா பானங்களில் காணப்படும் 338 என்பது பாஸ்பாரிக் அமிலம். இறுதியாகச் சொன்னதை டயாலிசிஸ் நோயாளிகள் விலக்குவது நல்லது.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், வயிறு அல்லது குடலில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் சோடா உப்புசத்தைக் கூட்டலாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்கலாம். கீமோதெரபியின்போது வாய் கசந்து வெறும் நீரே பிடிக்காமற்போனவர்களில் சிலருக்குக் குளிர்ந்த சோடா ஆறுதல் தருகிறது. வாய்ப்புண் இருந்தால் அதுவே எரியும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின்னும் வாங்கலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு இயந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். இல்லங்களுக்கென விற்பவை பெரும்பாலும் இரு வகை. ஒன்று, எஃகுப் புட்டியில் 8 கிராம் வாயு அடைத்த சிறு குப்பியைச் செருகிப் பயன்படுத்துவது. ஒரு லிட்டருக்கு ஒரு குப்பி செலவாகும், காலியான குப்பி குப்பைக்குப் போகும். மற்றொன்று, மேசைமேல் வைத்து அழுத்தும் இயந்திரம். அதன் சிலிண்டரில் சுமார் 400 கிராம் வாயு இருக்கும். அதைக் கொண்டு 60 லிட்டர் வரை செய்யலாம் என்று விளம்பரங்கள் கூறினும், காரமான சோடா விரும்புவோருக்கு அதில் பாதியளவே கிடைக்கலாம். எப்போதாவது குடிக்கும் சிறு குடும்பத்துக்கு முதல் வகை போதும். நாள்தோறும் குடிப்போருக்கே இரண்டாவது ஏற்றது.

விலையைக் கேட்பதற்கு முன் சிலிண்டரை எங்கே மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். மாற்றுச் சிலிண்டர் புதுவையிலேயே கிடைக்காவிடில், சென்னையிலிருந்து வரவழைக்கும் செலவும் காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும். சில மாதங்களில் இயந்திரம் பரணுக்குப் போய்விடும். கணக்கு எளிது: மாற்றும் கட்டணம் 900 ரூபாய் என்றும் கிடைப்பது 45 லிட்டர் என்றும் கொண்டால் லிட்டருக்கு 20 ரூபாய் ஆகிறது. உங்கள் ஊர்க் கட்டணத்தை வைத்து இவ்வாறே கணக்கிட்டுக் கடைச் சோடாவோடு ஒப்பிடுங்கள். மலிவு என்று கருதி வெல்டிங் பட்டறைக்கு வாயு நிரப்பும் இடத்தில் நிரப்பாதீர்கள். அது உணவுக்கு உரிய வாயு அன்று.

இயந்திரம் நீரைத் தூய்மை செய்யாது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்க்கும் நம் ஊரில் பல இல்லங்கள் கேன் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருக்கும் இல்லத்தில் எந்த நீராயினும் கொதிக்கவைத்து ஆற்றிய பின்னரே பயன்படுத்துங்கள். ஆற்றியதை நன்கு குளிர வையுங்கள்; 20 பாகை வெப்பத்தில் கரையும் வாயுவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு 0 பாகையில் கரையும். நீரை மட்டுமே இயந்திரத்தில் வையுங்கள். சாற்றையும் எலுமிச்சையையும் பின்னர்ச் சேர்க்கலாம், முன்பே சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். பிளாஸ்டிக் புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். அதை வெந்நீரில் கழுவினால் உருக்குலைந்து அழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடும். சிலிண்டரை வெயிலிலும் பூட்டிய காரிலும் மூச்சுத்திணறல் உள்ளவர் உறங்கும் மூடிய அறையிலும் வைக்காதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டர் உள்ள இல்லத்தில் இரண்டையும் வெவ்வேறு அறைகளில், பெயர் எழுதி வையுங்கள்.

மற்றொன்றையும் புதுவையில் இருந்துகொண்டு சொல்லாமல் விட இயலவில்லை. நம் ஊரில் பலருக்குச் சோடா என்றதும் நினைவுக்கு வருவது மது. கல்லீரல் நோயின் பொருட்டு அரும்பாடுபட்டுக் குடியை விட்டவர் ஒருவர் வீட்டில் இருந்தால், இயந்திரம் வாங்குமுன் அவரிடமே கேளுங்கள். அந்த நுரையும் ஓசையும் தமக்கு ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வர். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல இயந்திரமாயினும் அது நீரைச் சுவையாக்கும் கருவி மட்டுமே. வாங்கி வந்தபின் அதன்மேல் ஒரு சிறு தாள் ஒட்டுங்கள். முதல் வரியில், உங்கள் வீட்டு நோயாளிக்கு மருத்துவர் குறித்த நாளைய நீர் அளவை எழுதுங்கள். இரண்டாம் வரியில், "நெஞ்சு கனத்தால் சோடா வேண்டாம், 108" என்று எழுதுங்கள். அந்த இரண்டாம் வரி வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் படிக்கத் தெரியும் எழுத்தில், பெரிதாக இருக்கட்டும்.