ஐம்பது கையெழுத்து கிடைக்குமா?

குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சை ஜெயிக்க முடியுமா என்று கேட்டால், படித்த பிள்ளைகள் உடனே வி.வி.கிரியைச் சொல்வார்கள். 1969இல் அவர் சுயேச்சையாக நின்றுதான் வென்றார். ஆனால் அவர் தனி ஆள் அல்ல. குடியரசுத் துணைத் தலைவராக இருந்தவர். பிரதமர் இந்திரா காந்தியே தம் கட்சி வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைக் கைவிட்டு, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். அப்படியும் இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணித்தான் கிரி கரையேறினார்.

நமக்கு இன்னும் நெருக்கமான தேர்தல் 1997இல் நடந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து கே.ஆர்.நாராயணன் நின்றார். எதிர்த்து நின்ற சுயேச்சை, தேர்தல் ஆணையராக நாட்டையே அதிர வைத்த டி.என்.சேஷன். நாராயணனுக்கு 9,56,290 வாக்கு மதிப்பு, சேஷனுக்கு 50,631. டெபாசிட் போயிற்று. அவ்வளவு பேர் பெற்ற அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன் நின்றால் என்ன ஆகும்?

வாக்கு வரைக்கும் அவன் போகவே மாட்டான். மனுவிலேயே நின்றுவிடுவான். முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் கையெழுத்துப் போட வேண்டும்; அத்தனை பேரும் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும். முன்பு பத்துப் பத்துப் பேர் போதும். ஐம்பதாக உயர்த்தியது அதே 1997இல். நாராயணனுக்குக் கதவு திறந்த ஆண்டில்தான் கதவைக் குறுக்கவும் செய்தார்கள். விளையாட்டுக்கு மனுப் போடுகிறவர்களைத் தடுக்க என்றார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். தமிழக சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி 44. பொன்னேரியும் பூந்தமல்லியும் அதில் சேர்த்தி. மக்களவைத் தனித்தொகுதி 7. திருவள்ளூரும் அதில் ஒன்று. மொத்தம் 51. முன்மொழிய வேண்டிய ஐம்பது பேர் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். வழிமொழிய வேண்டியவர்களை மக்களவையில் மற்ற மாநிலங்களின் தனித்தொகுதிகளிலிருந்து வந்திருக்கும் 77 பேரில் தேடலாம். நம் எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. இன்றைக்கும் 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு அது.

இந்தத் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது. வாக்கு ரகசியம், மாற்றிப் போட்டாலும் கட்சித் தாவல் சட்டம் பாயாது. ஆனால் மனுவில் போடும் கையெழுத்து ரகசியம் அல்ல. யார் போட்டது என்று மறுநாளே தலைமைக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை சீட்டு கிடைக்காது என்ற பயத்தைத் தாண்டி எத்தனை பேர் பேனாவை எடுப்பார்கள்? சட்டம் கொடுத்த சுதந்திரம் அந்தக் கையெழுத்துக்கு முன்னாலேயே முடிந்துபோகிறது. தனித்தொகுதி என்றாலும் வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை. ஜெயிக்க வைப்பது எல்லாச் சாதி வாக்கும். 1932இல் பூனா ஒப்பந்தத்தின்போது அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்ததன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம்.

நம் பக்கத்தில் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கும் தேர்தல் ஊராட்சித் தலைவர் தேர்தல். அப்படி ஜெயித்து வந்தவர்தான் கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தின் தலித் பெண் தலைவர். 2020 சுதந்திர தினத்தன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு ஆட்சியர் தலையிட்டு ஏற்ற வைத்தார். கட்சி கட்டிப்போடாத இடத்தில் ஊர் கட்டிப்போட்டது.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027இல். ஓட்டுக் கேட்டு வருகிற தனித்தொகுதி வேட்பாளரிடம் சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை எல்லாம் கேட்கிறோம். தலைமை சொல்லாத ஒரு மனுவில் கையெழுத்துப் போடுவீர்களா என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த முறை மாணவர்கள் கேட்கட்டும்.