நஷ்டமில்லை அத்தை



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் என்று மருத்துவத் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். இப்போதுதான் அந்தப் படிப்பில் சேர்ந்திருக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

என் தம்பி மகள் பிசியோதெரபி படித்தவள். நாலரை வருஷப் படிப்பு. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

ஒரு ஆஸ்பத்திரியில் மாதம் 22,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தவள், இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே கொட்டிவாக்கத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் திறந்தாள். மெஷின் வாங்க என் தம்பி கடன் வாங்கிக் கொடுத்தான். குத்துவிளக்கு ஏற்றியது நான்தான். ஏற்றிவிட்டுப் பெரிய மனுஷியாக ஒரு புத்திமதியும் சொன்னேன்: "பணம் பணம்னு அலையாதே கண்ணு, சேவையா நெனச்சு செய்."

பத்தாவது மாதம் கிளினிக்கை மூடிவிட்டாள்.

கைராசி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் முழங்கால் வலியைக் குறைத்து என்னைத் திரும்ப மாடி ஏற வைத்தவள் அவள். ஆள் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. மூடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு நோட்டு திருத்திய கை, சும்மா இருக்குமா?

வாடகை 18,000. மெஷின் தவணை 9,000. உதவிக்கு வந்த பெண்ணுக்கு 8,000. கரண்ட், சில்லறைச் செலவு 3,000. மொத்தம் 38,000. ஒரு தடவைக்கு 300 ரூபாய் வாங்கினாள். தினம் ஆறேழு பேர் வந்தாலும் காசு கொடுத்தவர்கள் சராசரியாக ஐந்து பேர்தான். 26 நாளுக்கு வரவு 39,000.

"மாசம் ஆயிரம் ரூபா மிச்சம்தான் அத்தை, நஷ்டமில்லை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வந்தாளே, அந்த உழைப்புக்குக் கூலி எங்கே? முன்பு வாங்கிய 22,000 ரூபாயையும் செலவில் சேர்த்தால் மாதம் 60,000 வர வேண்டும். அப்படியானால் தினம் காசு கொடுப்பவர் எட்டுப் பேர் வேண்டும். அல்லது ஐந்து பேரிடமும் 460 ரூபாய்க்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கிளினிக் திறக்கும் முன்பே ஒரு தாளில் போட்டிருக்கலாம். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தராதவர்களில் நானும் ஒருத்தி. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும், லாப நட்டக் கணக்கு எத்தனை போட வைத்தேன்! ஒரு வியாபாரி 100 ஆரஞ்சு வாங்கினார், 10 அழுகிவிட்டது, மீதியை விற்றார், லாபமா நட்டமா? அத்தனை கணக்கிலும் அந்த வியாபாரி வெயிலில் நின்றதற்குக் கூலி போட்டதே இல்லை. புத்தகத்தில் இல்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் கொட்டிவாக்கம் குப்பத்தில் மீன் விற்கும் அம்மாவிடம் போய்ப் பாருங்கள். காலையில் ஒரு விலை, ஐஸ் கரைய ஆரம்பித்தால் ஒரு விலை. ஐஸ் காசு, ஆட்டோ காசு, தன் கூலி எல்லாம் மனக்கணக்கில் இருக்கும். "கட்டாதும்மா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். எங்கள் பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். காசு கொடுக்காமல் வந்தவர்கள் பட்டியலில் நானும் இருந்தேன். மூன்று மாதம் என் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்தாள். "உங்ககிட்ட போய் வாங்குவேனா அத்தை" என்றாள். நானும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பென்ஷன் வாங்குகிறவள் நான். கொடுத்திருக்க முடியும்.

"டீச்சர், வைத்தியத்தை வியாபாரம் ஆக்கச் சொல்றீங்களா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானே பல வருஷம் அப்படித்தான் பேசினேன். ஆனால் சேவை என்று பேர் எடுத்தவர்களைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது யானை விலை. 1992-ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே செய்து விலையைப் பல மடங்கு குறைத்தார்கள். அதே வருஷம் லைக்கோ என்று ஒரு பயிற்சி நிறுவனமும் ஆரம்பித்து, மற்ற கண் ஆஸ்பத்திரிகளுக்கும் நிர்வாகம் சொல்லித்தருகிறார்கள். கணக்குத் தெரிந்ததால்தான் அந்த இலவசம் இத்தனை வருஷம் நிலைத்தது.

மதுரை வரை போவானேன்? நமக்குப் பக்கத்திலேயே தரமணியில் வி.எச்.எஸ். இருக்கிறது. 1958-ல் அதை ஆரம்பித்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி, குடும்ப வருமானத்துக்கு ஏற்ப வருஷச் சந்தா கட்டி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் திட்டத்தைக் கொண்டுவந்தார். மருத்துவக் காப்பீடு என்ற பேச்சே நம் வீடுகளில் இல்லாத காலம் அது. பேராசிரியராக இருந்த டாக்டர், ஏழை எவ்வளவு கொடுக்க முடியும், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

கணக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். கிளினிக் தள்ளாடிய நேரத்தில் ஒருவர் வந்து, "பேஷன்ட் அனுப்பறேன், ஆளுக்கு இவ்வளவுன்னு குடுத்துடும்மா" என்று இவளிடம் கேட்டிருக்கிறார். டாக்டர்கள் இப்படிக் கமிஷன் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்று 2002-ஆம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் தவணை கட்ட வழியில்லாதவர்கள் எல்லாரும் மாட்டேன் என்று சொல்வார்களா? கமிஷன் கொடுத்தால் அதை எங்கே ஈடுகட்டுவார்கள்? ஐந்து தடவையில் சரியாகும் வலிக்குப் பதினைந்து தடவை வரச் சொல்லித்தான். கணக்குத் தெரியாத நல்ல பிள்ளைகளைத்தான் இந்தப் பள்ளம் முதலில் இழுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், நேர்மையாக இருக்கவும் கணக்கு வேண்டும்.

கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது. டி.பார்ம் படிப்பில் 2020 விதிகளின்படி இரண்டாம் வருஷத்தில் மருந்துக்கடை நிர்வாகம் ஒரு பாடமாகவே இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்கள் சொந்தமாக நடத்த 3 லட்சம் ரூபாய் மானியம். நல்ல விஷயம். ஆனால் மானியம் கடையைத் திறக்கத்தான் உதவும். இரண்டாவது வருஷம் அது திறந்திருக்க வேண்டுமென்றால் கணக்கு தெரிய வேண்டும்.

என் யோசனை எளிது. நர்சிங், பிசியோதெரபி, லேப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைசி வருஷத்தில் ஒரு பாடம் வையுங்கள். தன் கூலியையும் சேர்த்துச் செலவு போடுவது. கூச்சமில்லாமல் கட்டணம் சொல்வது. மாதம் இத்தனை பேருக்கு இலவசம் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அந்த அளவுக்குள் மனதாரச் செய்வது. கிளினிக்கைப் பதிவு செய்யும் சட்டம் தெரிவது. கமிஷன் கேட்பவரிடம் பதில் சொல்வது. இதற்குப் பரீட்சையே வேண்டாம். ஏற்கெனவே கிளினிக் நடத்தும் ஒருவரின் வரவு செலவு நோட்டை, அவர் சம்மதத்தோடு, வகுப்பில் பிரித்துவைத்துப் படித்தாலே போதும். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில். தொழில்முனைவோருக்குப் பயிற்சி கொடுக்கும் அரசு நிறுவனமும் கிண்டிப் பக்கம்தான். ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசக் கூடாதா?

கல்லூரிகளில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் துறைத் தலைவரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சொந்தமாகக் கிளினிக்கோ மருந்துக்கடையோ நடத்துகிறவர்கள், நீங்கள் எங்கே சறுக்கினீர்கள், எப்படி எழுந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஜெயித்த கதையை விடச் சறுக்கிய கதைதான் அடுத்த பிள்ளைக்கு உதவும்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பிள்ளை கிளினிக் வைத்தால் முதல் ஆளாகப் போங்கள். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தம்பி மகள் இப்போது மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். அந்த மெஷின் தம்பி வீட்டு ஹாலில் போர்வை போர்த்தி நிற்கிறது. தவணை இன்னும் 14 மாதம் பாக்கி. போன வாரம் என்னிடம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். சாயங்காலத்தில் வீட்டுக்கே போய்ப் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன வரும், என்ன போகும் என்று எழுதியிருந்தாள். பெட்ரோல் போட்டிருந்தாள். வண்டி சர்வீஸ் போட்டிருந்தாள். மூன்றாவது வரியில் "என் சம்பளம்" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன். என் முழங்காலுக்குப் பாக்கியாக ஒரு கவரையும் நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக்கொண்டாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கொட்டிவாக்கம்