சூரியகாந்தி உறிஞ்சிய நஞ்சு எங்கே போகிறது?



"சூரியகாந்தி நட்டால் மண்ணிலுள்ள நஞ்செல்லாம் போய்விடும்" என்றொரு பதிவு சுற்றுகிறது. பகிர்ந்தவர்களில் என் பழைய மாணவர்களும் இருப்பதால் எழுதுகிறேன்.

விஷயம் பொய்யில்லை. செர்னோபில் அணுஉலை 1986இல் வெடித்தது. 1990களில் அதற்கு அருகிலிருந்த ஒரு குளத்தில் மிதவைகளில் சூரியகாந்தி வளர்த்தார்கள். வேர்கள் நீரிலிருந்த சீசியத்தையும் ஸ்ட்ரோன்சியத்தையும் இழுத்துக்கொண்டன. 2011க்குப் பின் புகுஷிமாவில் மண்ணில் நட்டுப் பார்த்தார்கள். அங்கே களி சீசியத்தை இறுகப் பிடித்துக்கொண்டதால் பலன் மிகக் குறைவு. இந்த இரண்டாவது கதை பதிவில் இல்லை.

எண்ணெய்க் கழிவென்றால் வேரடி நுண்ணங்கிகள் ஓரளவு சிதைத்துவிடும். ஈயமும் கட்மியமும் அப்படியல்ல. அவை மூலகங்கள், எந்தச் செடியாலும் அழிக்க முடியாது (தரம் 10 பாடம்தான்!). மண்ணிலிருப்பதைச் செடி தன் உடம்புக்கு மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அம்பலாந்தோட்டைக்கு அருகே உஸ்ஸங்கொடையின் சிவப்பு மண்ணில் ஓரிதழ் தாமரை வளர்கிறது. நிக்கலைக் குவிக்கும் தாவரமென்று ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். உலர்ந்த இலை ஒரு கிலோவில் 1000 மில்லிகிராமுக்கு மேலிருந்தால்தான் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அந்த இலையைச் சோதித்தாலே மண்ணின் கதை தெரிந்துவிடும். அதே செடியைத்தான் நாம் மூலிகை என்கிறோம்.

ஆகவே நட்டால் மட்டும் போதாது. பிடுங்கி அப்புறப்படுத்தவும் வேண்டும். உக்க விட்டால் உலோகம் திரும்ப மண்ணுக்கே போகும்.

எனக்குப் பயம் சூரியகாந்தியில் இல்லை, கங்குனில். பெற்றரிக் கடை, கராஜ் தண்ணீர் ஓடும் கானோரத்திலும் அது செழித்து வளர்கிறது. செர்னோபிலில் சூரியகாந்தி செய்த வேலையைத்தான் இங்கே கங்குனும் செய்கிறது. ஒரே வித்தியாசம், அதை நாம் சுண்டிச் சாப்பிடுகிறோம். உப்புத் தண்ணீரில் கழுவினாலும் போகாது, உலோகம் இலைக்குள் இருக்கிறது. வெட்டி விற்கும் ஏழையை விரட்டச் சொல்லவில்லை. கானுக்குள் கழிவை விடுகிறவரிடம்தான் முதலில் பேச வேண்டும். வாங்கும்போது எங்கே வளர்ந்ததென்று கேட்பதில் தப்பில்லை.

மரம் நடுவது ஸதகா என்பதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த ஹதீஸில் வருவது மனிதனும் பறவையும் பிராணியும் அதிலிருந்து உண்பது. நஞ்சை இழுக்க நடும் செடி எவரும் உண்ணக்கூடாத செடி. அப்படி நடப்போகிறவர்கள் விதை வாங்குமுன் அறுவடையை எங்கே கொண்டுபோவதென்று பிரதேச சபையிடம் கேளுங்கள். ஆடு மாடு புகாமல் வேலியும் போடுங்கள்.