படம் திருநெல்வேலியில், பயிர் உத்திரமேரூரில்

நோய் கண்ட நெல் இலையைச் செல்போனில் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் திட்டங்களைக் கல்லூரி மாணவர்கள் பலர் இறுதி ஆண்டு ஆய்வாகச் செய்து வருகின்றனர். கணிதம் படிப்பவரும் தரவு அறிவியல் படிப்பவரும் விவசாயத்தின் பக்கம் திரும்புவது நல்லதே. ஆனால் உத்திரமேரூர் வட்டத்து விவசாயி அந்தப் பதிலை நம்பி மருந்துக் கடைக்குப் போகலாமா?

இயந்திரக் கற்றல் என்பது பெரிய மாயம் அல்ல. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது குலை நோய், இது முள்வண்டு தாக்கியது என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு புதிய படம் எதை ஒத்திருக்கிறது என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. காட்டாத ஒன்றை அது அறியாது.

இவ்வகை ஆய்வுகளுக்குப் பெரிதும் உதவுவது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தார் திரட்டிய 'பேடி டாக்டர்' படத் தொகுப்பு. 2021-ல் வயலில் இறங்கி எடுத்த படங்கள் இவை. அந்த உழைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். 2022-ல் நடந்த உலகளாவிய போட்டிக்கு இதிலிருந்து 10,407 படங்களைப் பெயருடன் கொடுத்தார்கள். முன்னணியில் வந்தவர்களின் திட்டங்கள் நூற்றுக்கு 98-க்கு மேல் சரியாகச் சொல்லின.

ஆனால் அந்தப் படங்களில் 6,992 ஆடுதுறை 45 ரகம் ஒன்றே. பொன்னி 657, ஐ.ஆர்.20 வெறும் 114. காஞ்சிபுரம் பக்கத்தில் குண்டு நெல் என்று எல்லோரும் அறிந்த ஆடுதுறை 37 பட்டியலிலேயே இல்லை. பயிரின் வயதும் 45 நாள் முதல் 82 நாள் வரைதான். நாற்றங்காலையும் நடவு முடிந்த முதல் வாரங்களையும் அந்த இயந்திரம் கண்டதே இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதற்குக் கற்றுக் கொடுத்தவை பத்துப் பெயர்கள். ஒன்பது நோய், பூச்சித் தாக்குதல்கள், மற்றது நல்ல பயிர். துத்தநாகப் பற்றாக்குறை அதில் இல்லை. நடவு செய்த இரண்டு, மூன்று வாரங்களில் இலையில் துரு நிறப் புள்ளி விழுந்து பயிர் குன்றினால், அனுபவமுள்ளவர் துத்தநாகக் குறையோ என்று சந்தேகிப்பார். இயந்திரமோ பத்தில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். செம்புள்ளி என்றோ துங்ரோ என்றோ சொல்லக்கூடும். விவசாயி பூசணக் கொல்லியோ பூச்சி மருந்தோ தெளிப்பார். பணம் போகும், வயலில் நன்மை செய்யும் சிலந்திகளும் மடியும், பயிர் மட்டும் தேறாது. 0.5 சத துத்தநாக சல்பேட்டுடன் 1 சத யூரியா கலந்து தெளித்திருந்தால் தீர்ந்திருக்கும் காரியம் இது.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அறையில் உட்கார்ந்தபடி கிடைத்த படங்களை வைத்து மதிப்பெண் வாங்க முடியும்போது சேற்றில் யார் இறங்குவார்கள்? வழிகாட்டும் பேராசிரியர்கள்தான் கேட்க வேண்டும். ஒரே வயலின் படங்களைப் பாடத்துக்கும் பரீட்சைக்கும் பிரித்துக் கொடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். ஒரு ஊரில் கற்றதை வேறு ஊரில் சோதிக்கட்டும். சந்தேகம் வந்தால் "தெரியவில்லை" என்று சொல்லவும் இயந்திரத்துக்குக் கற்றுக் கொடுக்கட்டும். அதுவும் கணக்குதான், கொஞ்சம் கடினமான கணக்கு.

உத்திரமேரூர் இதற்கு ஏற்ற இடம். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டம். ஏரிப் பாசனம் ஒருபுறம், கிணற்றுப் பாசனம் மறுபுறம். ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊருக்கு விவரம் எழுதி வைப்பது புதிதல்ல. படத்துடன் ரகம், நட்ட தேதி, இட்ட உரம், தண்ணீர் வந்த வழி ஆகியவற்றையும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். நோயின் பெயரைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் காட்டி உறுதி செய்யலாம். வயலைத் திறந்துவிடும் விவசாயிக்கு, அவர் பயிருக்கு என்ன குறை என்பதை அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். ஆய்வேடு அச்சாகும் வரை பயிர் காத்திராது.