பசையை யார் வாங்குவது?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டதுமே நண்பர்கள் பலர் கவிதைக்குப் பாய்ந்துவிட்டார்கள். நிலாவையும் விடுதிச் சாம்பாரையும் அவர்களே பங்கு போட்டுக்கொண்ட பிறகு எனக்கு மிஞ்சியது ஒரு டப்பா பசைதான்! சிரிக்காதீர்கள் நண்பர்களே. அந்த டப்பாவால் எங்கள் வீட்டில் மூன்று நாள் கூலி போனது. சித்தப்பா ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். ஆகவே இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

எங்கள் அப்பாவுக்குக் குஷன் வேலை. வருஷத்தில் பத்து மாதம் நாகப்பட்டினத்தில் லாரி சீட்டு, டிராக்டர் சீட்டு. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு அக்கரைப்பேட்டைக்குப் போய்விடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதல்லவா? அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, எஞ்சினைப் பிரிப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் நடக்கும். எல்லாம் முடிந்து கடைசியில் வீல்ஹவுஸ் உட்புறத்துக்கு ரெக்சின் ஒட்டுவது அப்பாவின் வேலை. நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஆனாலும் லீவில் பிரஷ்ஷைப் பிடிக்க வேண்டும். அதில் சலுகை கிடையாது.

சம்பவம் நடந்தது போன வருஷம். ஒரு படகு ஓனர் தானே சரக்கு வாங்கி வந்திருந்தார். எங்கோ மலிவாகக் கிடைத்த வினைல் ரோல். பின்பக்கம் துணி இல்லை, வெறும் ஷீட். கூடவே மஞ்சள் ரப்பர் பசை, பெரிய டப்பாவிலிருந்து சில்லறையாக அளந்து வாங்கியது. அப்பா ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணி இல்லாம இருக்கே அண்ணே, இந்தப் பசை தாங்குமா?" என்று கேட்டார். "ஒட்டுறதுதானே உங்க வேலை, ஒட்டுங்க" என்று பதில் வந்தது. ஒட்டினோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார்!

ஆடி முடிவதற்குள் கூரை ஷீட் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. டிரைவர் சக்கரம் பிடிக்க நின்றால் தலையில் இடிக்கிறதாம். "வேலை சரியில்லை" என்று ஆள் அனுப்பினார்கள். மூன்று நாள் கூலி இல்லாமல் உரித்துத் திரும்ப ஒட்டிக் கொடுத்தோம். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷமும் அந்தக் கரையில்தானே பிழைக்க வேண்டும்? எனக்குத்தான் ஆறவில்லை.

உரிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பசை காய்ந்து உதிரவில்லை. பலாப்பால் மாதிரி கொழகொழவென்று நூல் விட்டது. ஒட்டிய அன்றைக்கு இருந்ததைவிட ஈரமாக இருந்தது. வெயிலில் காய வேண்டிய பொருள் ஏன் இளகுகிறது? காலேஜ் திறந்ததும் எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். வினைல் என்கிற பி.வி.சி. இயற்கையில் குழாய் மாதிரி விறைப்பானது. அதைத் துணி மாதிரி மடங்க வைப்பது அதற்குள் கலக்கும் ஒருவகை எண்ணெய். மெதுவான ஷீட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அந்த எண்ணெய் இருக்கும். அது உள்ளேயே அடங்கிக் கிடப்பதில்லை. பக்கத்தில் தனக்குப் பிடித்த பொருள் இருந்தால் மெல்ல அதற்குள் இறங்கும். சாதாரண ரப்பர் பசை அதற்கு ரொம்பப் பிடித்த பொருள்! சூடு கூடினால் வேகமும் கூடும். வீல்ஹவுஸ் கூரையோ சித்திரை முதல் ஆவணி வரை தோசைக்கல். போதாதற்கு எண்ணெய் போன ஷீட் சுருங்கி ஓரத்தை இழுக்கும். இளகின பசை எப்படித் தாங்கும்?

இதற்கு மருந்து பாலியூரித்தேன் பசை அல்லது நைட்ரைல் ரப்பர் பசை. அந்த எண்ணெய்க்கு இவை எளிதில் இளகுவதில்லை என்றார் ஆசிரியர். ஏதோ பெரிய ரகசியம் கிடைத்துவிட்ட மாதிரி பஸ் ஸ்டாண்டு வழியாக வீட்டுக்குப் போனேன். அங்கே செருப்பு தைக்கும் பெரியவரிடம் அறுந்த வாரைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால் அவர் சாதாரணமாகச் சொல்கிறார்: "பி.வி.சி. அடிக்கு மஞ்சப் பசை நிக்காது தம்பி, பி.யு. பசைதான்." எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆயிற்று. புத்தகத்துக்கும் தெரிந்திருக்கிறது, மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் பாதி தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா? தெரியாதவர் ஒருவர்தான். காசும் முடிவும் அவர் கையில் இருந்தது.

இன்னொரு வேடிக்கை. 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தார். ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு வழி தேடப் போய்த்தான் பி.வி.சி.யை மடங்கும் பொருளாக மாற்றினார். பசை தேடப் போய்ப் பிறந்த பொருள், இன்று பசைக்கே எமனாக நிற்கிறது!

இதனால் எல்லா ரெக்சினுக்கும் விலை கூடின பசைதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பின்பக்கம் துணி இருந்தால் பசை துணியைத்தான் பிடிக்கிறது, வினைலை நேராகத் தொடுவதில்லை. அங்கே சூடு தாங்கும் நல்ல ரப்பர் பசையே போதும் என்பது என் கட்சி. தச்சர்களின் வெள்ளைப் பசை படகுக்குள் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் ஊறிவிடும். ஸ்பாஞ்சு வைத்த ரெக்சினில் வேறு தொல்லை: பசை நிற்கும், சில வருஷத்தில் ஸ்பாஞ்சு மாவாக உதிரும். அதற்குப் பசையைத் திட்டிப் பயனில்லை. மீன் அறைப் பக்கம் தெர்மோகோல் வைத்திருந்தால் ரப்பர் பசையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்று பள்ளமாக்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

உரித்த ஷீட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும் என்பேன். விடைத்தாள் மாதிரி அது. பசை முழுவதும் பலகையில் நின்று ஷீட் சுத்தமாக வந்தால், அந்தப் பசைக்கும் ஷீட்டுக்கும் சேரவில்லை. பசை முழுவதும் ஷீட்டோடு வந்தால் குற்றம் பலகையில்: தூசி, ஈரம், டீசல் பிசுக்கு, பழைய பெயின்ட் செதில், இதில் ஏதோ ஒன்று. இரண்டு பக்கமும் பாதிப் பாதி நின்று நூல் விட்டால் பசையே இளகியிருக்கிறது, அல்லது காயவே இல்லை. துணி கிழிந்து வந்தால்? ஒட்டினவருக்கு ஒரு சபாஷ்! ஒரு சாண் துண்டைப் பலகையில் ஒட்டி, ஓரத்தில் ஒரு நட்டைக் கட்டித் தகரக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். செலவு ஒன்றுமில்லை. ஆனால் தடைக்காலம் தொடங்கும்போதே சரக்கு கைக்கு வர வேண்டும். ஜூன் 10-ஆம் தேதி கொண்டுவந்து "நாலு நாள்ல முடிங்க" என்றால் எதைச் சோதிப்பது?

காய்ச்சலும் முக்கியம். இரண்டு பக்கமும் தடவி, விரல் முட்டியால் தொட்டால் நூல் வராத பதம் வரை காத்திருக்க வேண்டும். மே மாதக் காற்றில் மேலே ஏடு கட்டிவிடும், அடியில் ஈரம் நிற்கும். அவசரப்பட்டு ஒட்டினால் அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளம் விடும். சாயங்காலம் கடல் காற்று ஏறிய பிறகோ வேறு வம்பு. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும். காலையில் பனி காய்ந்த பிறகு, கூரையில் வெயில் ஏறுவதற்குள் ஒட்டுவது அப்பாவின் வழக்கம். காரணம் கேட்டால் "அப்பதான் பிடிக்கும்" என்பார். காரணம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அவருக்கு முப்பது வருஷமாகக் கைக்குத் தெரியும்.

இனி சித்தப்பா விஷயம். திரும்ப ஒட்டப் போனபோது அவர் வீல்ஹவுஸுக்குக் கீழே, ஆட்கள் படுக்கும் தாழ்வான அறையில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார். வழி ஒன்றுதான், ஜன்னல் கிடையாது. முகத்தில் கொரோனா காலத்து மாஸ்க். அது பசை ஆவியைத் தடுக்காது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை! இந்தப் பசைகளில் பலவற்றில் டொலுயீன் இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாமல் கீழ் அறையில் தண்ணீர் மாதிரி தேங்கும். அரை மணியில் சித்தப்பாவுக்குப் பேச்சு குழறியது. குடித்தவர் மாதிரி சிரித்தார். தூக்கி வெளியே போட்டோம். வாந்தி, தலைவலி, மறுநாள் முழுக்கப் பாய். இதைவிட மோசமானது நடந்திருக்கும். டொலுயீனின் தீப்பற்றும் நிலை 4 டிகிரி சென்டிகிரேடு. அதாவது நம் ஊரில் எந்த நேரமும் அது தயார். பேட்டரி ஒயரில் ஒரு பொறி போதும். பாலியூரித்தேன் பசையும் இந்த விஷயத்தில் சாது அல்ல. அதிலும் கரைப்பான் உண்டு. கூடக் கலக்கும் கடினப்படுத்தி மூச்சுக் குழாய்க்கு ஆகாது.

ஆகவே என் வாதம் இதுதான் நண்பர்களே. படகுக்குள் உட்கார்ந்து ஒட்டுவதையே நிறுத்த வேண்டும். கூரைக்கு ஏற்ற அளவில் பிளைவுட் பலகைகளை வெட்டி, அவற்றைக் கரையில் மர நிழலில் வைத்து ஷீட்டை ஒட்டி, ஓரத்தைப் பின்னால் மடித்துப் பின் அடித்து, பிறகு உள்ளே கொண்டுபோய்த் துரு ஏறாத ஸ்குரூ போட்டு முடுக்கிவிடலாம். மேலே ஒழுகினால் ஒரு பலகையைக் கழற்றினால் போதும். "ஸ்குரூத் தலை தெரியும், அழகு போயிடும்" என்று அப்பாவே முதலில் எதிர்த்தார். அவருக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சு இல்லை. அம்மாதான், "தலை தெரிஞ்சா தெரியட்டும், உன் தம்பி தலை தப்பிச்சுதுல்ல?" என்று வழக்கை முடித்து வைத்தார்.

பசையை ஓனர் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்கட்டும், காசு அவருடையது. ஆனால் எதை வாங்குவது என்று ஒட்டுகிறவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வாங்கட்டும். சீட்டில் இல்லாததை வாங்கிவந்தால், உரிந்த பிறகு இலவசமாகத் திரும்ப ஒட்டச் சொல்லக் கூடாது. டாக்டர் எழுதின மருந்தை விட்டுவிட்டு மலிவான மருந்தை வாங்கிக்கொண்டு, குணமாகவில்லை என்று அவரிடமே பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

இந்தத் தடைக்காலத்தில் ஒரு படகுக்கு அப்படிச் சீட்டு எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார், அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்த ஓனர் மறு பேச்சில்லாமல் சீட்டின்படி வாங்கிவந்தார், பலகை வழியிலேயே மாட்டினோம். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தேன், ஓரம்கூட எழும்பவில்லை. பழைய ஓனரும் அதைப் பார்த்திருக்கிறார். அடுத்த தடைக்காலத்துக்குத் தன் படகையும் செய்துதரச் சொல்லி அப்பாவிடம் ஆள் அனுப்பியிருக்கிறார். கூடவே, ரெக்சினும் பசையும் தானே வாங்கி வைத்துவிட்டதாகவும் சொல்லி அனுப்பியிருக்கிறார்!