அட்டவணையில் இல்லாத முதுகு

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலைக் கிடங்குகளில் லாரி வந்து நின்றதும் நடப்பது ஒரே மாதிரிதான். மேலே நிற்கும் இருவர் மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்குகிறார்கள். கீழே நிற்பவர் சும்மாட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு தலையைக் கொடுக்கிறார். மூட்டை இறங்கும் அந்தக் கணத்தில் கழுத்து தோளுக்குள் அமுங்குகிறது, முழங்கால் லேசாக மடிகிறது, இடுப்பு ஒரு பக்கம் திரும்பி எடையைத் தாங்கிக்கொள்கிறது. அரிசி, மிளகு, சுக்கு என்று மூட்டைக்குள் இருப்பது மாறலாம். எடையைத் தாங்குவது எப்போதும் அதே ஐந்தாறு முள்ளெலும்புகளும் அவற்றுக்கு இடையிலுள்ள மெத்தைகளும்தான். ஓர் ஆண் தொழிலாளி 55 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967இல். கேரளம் தன் சுமைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 75 கிலோவாக இருந்த உச்சவரம்பை 55 ஆகவும், பெண்களுக்கு 35 ஆகவும் குறைத்தது 2021இல். இடையில் ஓடிய 54 ஆண்டுகளில் இந்தச் சாலையில் சுமந்தவர்கள் சட்டம் அனுமதித்த எடையைத்தான் சுமந்தார்கள். வரம்பைக் குறைத்தபோது, பழைய வரம்பு உடம்பைக் கெடுக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படிக் கெட்ட முதுகுகளுக்கு யார் பொறுப்பு என்பதே இப்போது நம் முன்னுள்ள கேள்வி.

அந்த முதுகுகளின் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. முதலில் தைலமும் உழிச்சலும். வலி தொடையில் இறங்கிக் கால் மரத்த பிறகு எம்.ஆர்.ஐ. ‘டிஸ்க் விலகியிருக்கிறது’ என்ற சொல் வீட்டுக்கு வருகிறது. கடன் வாங்கி அறுவைச் சிகிச்சை. பலருக்கு அதோடு சரியாகிவிடுகிறது. சிலருக்கு ஆவதில்லை. நரம்பைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொள்ளலாம், பக்கத்து மெத்தை பழுதாகலாம், நீண்ட நாள் நசுங்கியிருந்த நரம்பு மீளாமலே போகலாம். இந்த நிலையை மருத்துவம் நெடுங்காலம் ‘தோற்றுப்போன முதுகு அறுவைச் சிகிச்சை’ என்றே அழைத்தது. அந்தப் பெயர் நோயாளியையும் மருத்துவரையும் சேர்த்தே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகப் பட்டதால், 2021இல் வலி மருத்துவ வல்லுநர்கள் ‘தொடரும் தண்டுவட வலி’ என்ற பெயரை முன்வைத்தார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் தந்தது. மருத்துவம் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. நம் நஷ்டஈட்டுச் சட்டமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டாலும், எலும்புக்கூடு பழையதுதான். 1923 சட்டத்தின் முதல் அட்டவணை உடலைத் துண்டு துண்டாக மதிப்பிடுகிறது: கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போனால் 40 சதவீதம். வெட்டுப்பட்டது தெரியும், எண்ணலாம், சதவீதம் எழுதலாம். முதுகு அந்த வரிசையில் இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை ஒரு மருத்துவர் மதிப்பிட வேண்டும். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. 45 வயதுத் தொழிலாளி ஒருவரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அவர் எவ்வளவு அதிகம் சம்பாதித்திருந்தாலும், 2020 ஜனவரியில் நிர்ணயித்த உச்சவரம்பின்படி மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றே கொள்ளப்படும். அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்குரிய காரணி 169.44. முழு முடக்கம் என்றால் தொகை 15,24,960 ரூபாய். ‘குனிவதில் சிரமம், 20 சதவீதம்’ என்று மருத்துவர் எழுதிவிட்டால் அது 3,04,992 ஆகச் சுருங்குகிறது. பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசம் ஒரு சான்றிதழின் ஒரே வரியில் இருக்கிறது.

அந்த வரி உடலின் ஊனத்தை அளக்கிறதா, பிழைப்பின் இழப்பை அளக்கிறதா? உச்ச நீதிமன்றம் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சரின் வழக்கில், பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாச சபதா என்ற 1975 தீர்ப்பில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு நேர்ந்தது முழு முடக்கம் என்று நீதிபதிகள் நால்வர் கூறினார்கள். கணக்காளருக்கு 20 சதவீத முதுகு வலி 20 சதவீதமாகவே இருக்கலாம். மூட்டை தூக்குகிறவருக்கு, இனி மூட்டை தூக்க முடியாது என்ற பிறகு, அது நூறு. அறுவைக்குப் பிறகு கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவமனைச் சீட்டிலேயே எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே 20 சதவீதம் என்று முடிவுகட்டுவது நியாயமே இல்லை.

முதல் மறுப்பு, முதுகு வலி விபத்தே அல்ல என்பது. விழவில்லை, அடிபடவில்லை, ஒருநாள் வலித்தது, அவ்வளவுதானே? நம் சட்டத்துக்கு மூதாதையான பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் 1903லேயே இந்த வாதம் எழுந்தது. ஃபென்டன் எதிர் தார்லி வழக்கில், இயந்திரச் சக்கரத்தைத் திருப்ப முக்கியபோது குடலிறக்கம் ஏற்பட்ட தொழிலாளிக்கு நேர்ந்ததும் விபத்துதான் என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. வெளியிலிருந்து அடி விழ வேண்டியதில்லை. எதிர்பாராமல் உள்ளே அறுந்தாலும் விபத்தே. ஆனால் ஒரே நாளில் அறுந்த முதுகுக்குத்தான் இந்தத் தீர்ப்பு உதவும். இருபது ஆண்டுகளாகத் தேய்ந்த முதுகுக்கு உதவாது. அதற்குத் தொழில்சார் நோய்ப் பட்டியல் வேண்டும். ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் காதுகேளாமை எல்லாம் நம் பட்டியலில் உண்டு. சுமையால் கெட்ட முதுகு இல்லை. ஜெர்மனி 1993லேயே, நெடுங்காலம் கனம் தூக்கியதால் வரும் இடுப்பு மெத்தை நோயைத் தன் பட்டியலில் சேர்த்தது. நெடுங்காலம் தோளில் சுமை சுமந்ததால் வரும் கழுத்து மெத்தை நோய்க்கும் தனி எண் கொடுத்தது. பிரான்ஸ் 1999இல் அதே வழியில் போனது. மட்டாஞ்சேரித் தொழிலாளியின் கழுத்துக்கு அவரை நேரில் பார்த்திராத நாட்டில் சட்ட எண் இருக்கிறது, அவர் வாழும் நாட்டில் இல்லை.

வயதானால் எல்லோருக்கும் தேயத்தானே செய்யும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பாய்வு, இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் மெத்தைத் தேய்மானம் இருப்பதாகக் காட்டியது. உண்மைதான். ஆனால் அந்த எண்கள் எதிர்த்திசையிலும் பேசுகின்றன. படத்தில் தேய்மானம் உள்ள அத்தனை பேர் வலியில்லாமல் நடமாடுகிறார்கள் என்றால், இவர் மட்டும் வேலையிழந்ததற்கு வெறும் தேய்மானம் காரணமாக இருக்க முடியாது. படத்தைக் காட்டி மனுவைத் தள்ளுகிறவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். எத்தனை ஆண்டு, எத்தனை எடை, எந்தக் கிடங்கு என்று விசாரித்தால் காரணம் தெரியும்.

அடுத்தது, சிகிச்சை தோற்றதற்கு வேலை கொடுத்தவர் எப்படிப் பொறுப்பாவார் என்ற கேள்வி. 1923 சட்டத்தின் பதினொன்றாம் பிரிவைப் படித்தால் இதற்கு விடை கிடைக்கும். காயம்பட்டவர் காரணமின்றி மருத்துவத்தை மறுத்து, அதனால் காயம் முற்றினால், முறையாகச் சிகிச்சை பெற்றிருந்தால் எவ்வளவு பாதிப்பு இருந்திருக்குமோ அவ்வளவுக்குத்தான் நஷ்டஈடு என்று அது சொல்கிறது. சிகிச்சைக்குப் போ, போகாவிட்டால் குறைப்பேன் என்று சொல்லும் சட்டம், போனவருக்குச் சிகிச்சை பலிக்காதபோது கைவிரிக்கலாமா? மூட்டை முதுகைக் கெடுத்திராவிட்டால் கத்தி அதைத் தொட்டிருக்காது. பொறுப்பிலிருந்து விலக்களிக்கும் காரணங்களாகச் சட்டம் சொல்வது குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை அகற்றுதல் ஆகியவற்றை. பலிக்காத அறுவை அதில் இல்லை. மருத்துவர் கவனக்குறைவாக இருந்தால் அதற்கு நுகர்வோர் ஆணையம் தனியே இருக்கிறது.

நடிக்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நஷ்டஈடு பெறும் நோயாளிகளுக்கு அறுவையின் பலன் குறைவாகவே அமைகிறது என்று 2005இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய 2011 ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் 26 சதவீதத்தினரே இரண்டு ஆண்டுகளில் வேலைக்குத் திரும்பினார்கள். அறுவை இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் திரும்பினார்கள். இரு தரப்பாருமே நஷ்டஈட்டுத் திட்டத்தில் இருந்தவர்கள்தான். பணத்தாசைதான் வலிக்குக் காரணமென்றால் இரு தரப்பும் ஒரே மாதிரி நடித்திருக்க வேண்டாமா? பொய் சொல்கிறவர் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறியத்தான் நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரியும் குறுக்கு விசாரணையும் இருக்கின்றன.

கடைசியாக, மட்டாஞ்சேரிக்கே உரிய சிக்கல்: முதலாளி யார்? காலையில் ஒரு கிடங்கு, மாலையில் வேறொன்று. இந்தக் கேள்விக்காகவே இங்கே ரத்தம் சிந்தியிருக்கிறது. கூட்டத்தில் எறியப்படும் உலோக வில்லையை அடித்துப் பிடித்துப் பொறுக்கியவருக்கு மட்டும் அன்று வேலை என்ற ‘சாப்பா’ முறையை எதிர்த்து, 1953 செப்டம்பர் 15 அன்று துறைமுகத் தொழிலாளர்கள் திரண்டார்கள். காவல்துறை சுட்டது. சைது, செய்தாலவி, ஆன்றணி ஆகிய மூவரின் உயிர் அந்தப் போராட்டத்தில் போனது. ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ படம் அந்த வரலாற்றைத்தான் சொல்கிறது. இன்று வில்லை இல்லை. 1978ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் நல வாரியமும், பதிவேடும் இருக்கின்றன. வாரியத்தின் பகுதிகளில் கூலியே வாரியத்தின் வழியாகத்தான் வருகிறது. எவர் எத்தனை ஆண்டு எங்கே சுமந்தார் என்பதற்கு அந்தக் கணக்கைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பல கிடங்குகள் சேர்ந்து கெடுத்த முதுகுக்கு, பல கிடங்குகளிடமிருந்தும் வசூலிக்கும் வாரியம் நஷ்டஈடு கொடுப்பதே பொருத்தம். செலவு கூடும் என்று வணிகர்கள் சொல்வார்கள். அந்தச் செலவு இன்றும் இருக்கத்தான் செய்கிறது; அதைச் சுமப்பவர் தொழிலாளியின் மனைவி, அல்லது படிப்பை விட்டுவிட்ட மகன்.

தொழில்சார் நோய்ப் பட்டியலில் புதிய வேலையையும் அதற்குரிய நோயையும் சேர்க்க 1923 சட்டம் மாநில அரசுக்கே அதிகாரம் தந்திருந்தது. புதிய தொகுப்பிலும் அதற்கு வழி உண்டு. கேரள அரசு சுமைத் தொழிலையும், அதனால் வரும் கழுத்து, இடுப்பு மெத்தை நோய்களையும் அதில் சேர்க்க வேண்டும். பலிக்காத அறுவையின் விளைவும் அதில் அடங்கும் என்று தெளிவாக எழுத வேண்டும். இதற்கு முன்கூட்டியே தேவைப்படுவது அரசிதழில் மூன்று மாத அறிவிப்பு மட்டுமே.