பட்டியல் வேறு, பரிந்துரை வேறு

கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு நாள். நூலக இயக்கத்தை ஊர் ஊராகக் கட்டியெழுப்பிய பி. என். பணிக்கரின் நினைவு நாள் அது. அந்த வாரம் முழுவதும் முகநூலில் பட்டியல்கள் பொழிகின்றன. 'வாசித்தே தீர வேண்டிய பத்து நாவல்கள்', 'என்னைப் புரட்டிப்போட்ட இருபத்தைந்து நூல்கள்' எனப் பெயர்கள் வரிசையாக நிற்கும். காரணம் ஒன்றும் இராது. நான் தங்கியிருக்கும் பழவங்காடியில், கணபதி கோயிலின் முன் தேங்காய் உடைபடும் ஓசை ஓயாது. எறிந்தவர் வேண்டுதல் தீர்ந்த நிம்மதியோடு திரும்பிப் பாராமல் நடந்துவிடுவார். சில்லு எங்கே சிதறியது, யார் பொறுக்கினார் என்பது அவர் கவலையன்று. வழிபாட்டில் அது முறை. நாவல்களையும் அவ்வாறே எறிந்துவிட்டுப் போவது முறையா?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு ஒரு பிழையால் வந்தது. சாலைக் கடைவீதியில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் என வளர்ந்தவர், தமிழில் நல்ல நாவல் ஒன்று சொல்லுமாறு என்னிடம் கேட்டார். ஆய்வாளன் என்ற செருக்கில் பத்துப் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். முதலில் நின்றது நகுலனின் 'நினைவுப்பாதை'. நினைவும் எண்ணமும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் அந்நூல் எனக்கு மிக நெருக்கமானது. எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கும் ஒருவருக்கு அது திறக்காத கதவு. இரண்டு வாரத்தில் நூலைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தமிழ் அவ்வளவு போதாது அண்ணா" என்றார். தவறு என்னுடையது, பழியை அவர் தம் மொழியறிவின்மேல் ஏற்றிக்கொண்டார். பொறுப்பற்ற பரிந்துரை செய்யும் கேடு இதுதான்: நூலும் தோற்பதில்லை, பரிந்துரைத்தவரும் தோற்பதில்லை, வாசகர் மட்டுமே தோற்கிறார்.

பட்டியலுக்கு ஆதரவாக க. நா. சுப்ரமண்யத்தை அழைத்து வருவோர் உண்டு. பட்டியல் போடுகிறவர் என்று ஏளனத்துக்கு ஆளானவர்தாமே அவரும் என்பார்கள். உண்மைதான். ரசனை சார்ந்த தீர்ப்புகளாகவே அவர் எழுதிச் செல்கிறார், அலசிக் காட்டுவதில்லை என்ற மனக்குறை அன்றே இருந்தது, சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் அலசல் விமர்சனத்துக்கு அழுத்தம் தந்ததையும் அப்பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். ஆனால் அதே க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று தனி நூலே எழுதி, ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியே எடுத்துப் பேசியவர். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலைப் புகழ்ந்ததோடு நில்லாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தம் உழைப்பைப் பிணையாக வைத்த பரிந்துரை அது. நாம் பிணையாக வைப்பது என்ன? ஒரு நிமிடத் தட்டச்சு.

இரண்டாவது கேடு இன்னும் ஆழமானது. பட்டியல் பட்டியலிலிருந்தே பிறக்கிறது. ஒருவர் சொன்ன பெயர்களை மற்றவர் சொல்ல, அதே பத்துப் பன்னிரண்டு நாவல்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவை தகுதியற்றவை அல்ல. அவற்றின் நிழலில் மறைபவை எவை என்பதே கேள்வி. இந்நகரையே எடுத்துக்கொள்வோம். பத்மநாப சுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டைப் பகுதியை அனந்தன் நாயரின் நினைவுகளின் வழியே எழுப்பிக் காட்டும் நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்', ஆற்று மணல் வாரி வாழ்வோரின் உலகில் அழகற்றவள் என்பதாலேயே ஒரு பெண்ணின்மேல் வளரும் வெறுப்பைச் சொல்லும் ஆ. மாதவனின் 'புனலும் மணலும்', காசியபனின் 'அசடு' ஆகியன நம் பட்டியல்களில் எத்தனை முறை இடம்பெற்றன? மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர். 2015இல் சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வந்தது, நாவலுக்கன்று, 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. 2021இல் மறைந்தார். அவர் எழுதிய அதே தெருவில் நாள்தோறும் நிற்கும் இளைஞருக்கு அவர் பெயர் தெரியாது. அவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய பெயர் எனக்கும் தோன்றவில்லை. என் பட்டியலும் பிறர் பட்டியல்களிலிருந்து பிறந்ததே.

எதைப் பரிந்துரைத்தாலும் நன்மைதானே, வாசிப்பு பரவட்டுமே என்பது அடுத்த வாதம். இரக்கமுள்ள வாதம்தான், எனினும் ஏற்பதற்கில்லை. புதிய வாசகருக்கு இருப்பது ஒரு வாய்ப்பு, மிஞ்சினால் இரண்டு. அதைத் தவறான நூலில் செலவழித்தவர் மூன்றாவதற்கு வருவதில்லை. எளிய நூலே சொல்லுங்கள் என்பதன்று என் கோரிக்கை. 'தலைமுறைகள்' எளியதன்று, இரணியல் வழக்கு நிறைந்தது. ஆனால் கணவன் வீட்டாரால் பழி சுமத்தித் தள்ளப்பட்ட அக்காளுக்காகத் தவிக்கும் தம்பியின் கதை அது என்று ஒரு வரி சொல்லிவிட்டால், அந்த வழக்கைக் கடக்கும் பொறுமை வாசகருக்கு வந்துவிடும். தேவை அந்த ஒரு வரி.

ஆகவே நண்பர்களே, பத்துப் பெயர் வேண்டா, ஒன்று போதும். நீங்கள் முழுதும் வாசித்ததாக இருக்கட்டும். யாருக்காகச் சொல்கிறீர்கள், ஏன், எந்தப் பக்கம்வரை பொறுமை வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அச்சில் கிடைக்கவில்லையென்றால் உங்கள் படியைக் கடனாகக் கொடுங்கள். திரும்பி வராமல் போகலாம். அந்த இழப்பை ஏற்க மனமில்லாதவர் பரிந்துரைக்கவும் வேண்டா.

சாலை இளைஞரிடம் சென்ற மாதம் 'புனலும் மணலும்' கொடுத்தேன். கொடுக்குமுன் கடைப்படியில் அமர்ந்து முதல் சில பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நூல் இன்னும் திரும்பவில்லை. நேற்று வழியில் கண்டபோது அவர் கேட்டது ஒன்றே: "அண்ணா, அந்தப் பொண்ணை அவர் கடைசிவரைக்கும் வெறுத்துட்டேதான் இருப்பாரா?"

நான் பதில் சொல்லவில்லை.